செடிக்குள் ஸ்டீராய்டு என்ன செய்கிறது? சேலத்து மாணவர்களும் விவசாயிகளும் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் தாவரவியல் கற்பிக்கும் எனக்கு, தாவர ஸ்டீராய்டு பற்றிய கேள்விகள் இரண்டு பக்கத்திலிருந்து வருகின்றன. பிளஸ் டூ மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் பாடத்தை ஒட்டிக் கேட்கிறார்கள். ஆத்தூர், தலைவாசல், கொங்கணாபுரம் பக்கத்து விவசாயிகளும் ஏற்காட்டில் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர்களும், உரக்கடையில் விற்கும் ஒரு மருந்தின் பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் அடிப்படையான விடை ஒன்றே என்பதால், அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் தெளிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

செடிகளிலும் ஸ்டீராய்டு ஹார்மோன் உண்டா?

உண்டு. அவற்றுக்குப் பிராசினோஸ்டீராய்டுகள் என்று பெயர். நான்கு வளையங்கள் ஒட்டிப் பிணைந்த கார்பன் கூடுதான் எல்லா ஸ்டீராய்டுகளுக்கும் அடித்தளம். நம் உடலில் உள்ள டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன், கார்டிசால் ஆகியவற்றிலும் அதே கூடுதான் இருக்கிறது. விலங்குகள் கொலஸ்ட்ராலிலிருந்து இவற்றை உருவாக்குகின்றன. செடிகள் பெரும்பாலும் கேம்பெஸ்டெரால் என்ற தாவர ஸ்டெராலை எடுத்து, படிப்படியாக ஆக்ஸிஜன் சேர்த்து, காஸ்டாஸ்டிரோன் என்ற பொருளாக்கி, அதிலிருந்து பிராசினோலைடை உருவாக்குகின்றன. பிராசினோலைடுதான் இந்தக் குடும்பத்தில் வீரியம் மிக்கது. நெல்லைப் போன்ற சில பயிர்களில் காஸ்டாஸ்டிரோனே முக்கிய வேலையைச் செய்கிறது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

அமெரிக்க வேளாண்மைத் துறை விஞ்ஞானிகள் 1970இல், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ரேப் செடியின் மகரந்தச் சாற்றைத் தடவினால் அவரைச் செடியின் தண்டு வேகமாக நீள்வதைக் கண்டார்கள். அந்தச் சாற்றில் எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்று பிரித்தெடுக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. தேனீக்கள் சேகரித்த ஏறக்குறைய 230 கிலோ மகரந்தத்திலிருந்து 1979இல் அவர்களுக்குக் கிடைத்தது வெறும் 4 மில்லிகிராம் பிராசினோலைடு. அதைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் கொண்டு அதன் அமைப்பைத் தீர்மானித்தார்கள். இவ்வளவு குறைந்த அளவில் இருக்கும் ஒரு பொருள் இவ்வளவு பெரிய மாற்றத்தை உண்டாக்குகிறது என்பதே, இது உணவுப் பொருள் அல்ல, சமிக்ஞை என்பதற்கு முதல் அறிகுறி.

ஆனால் செடிக்குத் தேவையான ஹார்மோன்தான் என்று எப்படி உறுதி செய்தார்கள்? வெளியிலிருந்து தடவினால் எத்தனையோ பொருள்கள் வேலை செய்யுமே?

நியாயமான கேள்வி, இந்தச் சந்தேகம் விஞ்ஞானிகளுக்கும் 1990களின் நடுப்பகுதி வரை இருந்தது. விடை கிடைத்தது குட்டைச் செடிகளிலிருந்து. அராபிடாப்சிஸ் என்பது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த, ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் சிறு செடி. அதில் மரபணு பழுதடைந்த சில செடிகள், இருட்டில் முளைக்க வைத்தாலும் நீண்டு வெளுக்காமல், வெளிச்சத்தில் வளர்ந்தது போலக் குட்டையாக, வித்திலைகளை விரித்துக்கொண்டு நின்றன. அவற்றில் ஒன்றுக்கு டெட்2 என்று பெயர். அந்த மரபணு உருவாக்கும் நொதி ஸ்டீராய்டு தயாரிப்பில் ஒரு படியை நடத்துகிறது என்பது 1996இல் தெரிந்தது. அந்தச் செடிக்கு மிகச் சிறிதளவு பிராசினோலைடு கொடுத்தவுடன் அது மற்றச் செடிகளைப் போல நிமிர்ந்து வளர்ந்தது. தயாரிப்பில்தான் குறை, கொடுத்தால் சரியாகிவிடுகிறது என்பது இதனால் ஐயமற நிறுவப்பட்டது.

அதே ஆண்டில் வேறொரு குட்டைச் செடியும் விவரிக்கப்பட்டது. தோற்றம் ஒன்றுதான்: கரும்பச்சை நிறம், சுருங்கிய உருண்டை இலைகள், மகரந்தம் சரியாக உருவாகாமை. ஆனால் இதற்கு எவ்வளவு பிராசினோலைடு கொடுத்தும் அது அசையவில்லை. ஹார்மோன் இருந்தும் அதை உணர முடியாத செடி அது. பழுதடைந்த அந்த மரபணுவை 1997இல் அடையாளம் கண்டபோது, ஹார்மோனை உணரும் ஏற்பிப் புரதமே கிடைத்தது. அதன் பெயர் பிரை1. கொடுத்தால் தேறும் குட்டை, கொடுத்தாலும் தேறாத குட்டை என்ற இந்த வேறுபாட்டை மாணவர்கள் நன்றாக மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். ஹார்மோன் ஆராய்ச்சி முழுவதற்கும் இந்தத் தர்க்கம் பொருந்தும்.

இன்னொரு செய்தியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெட்2 நொதிக்கு நம் உடலிலும் ஓர் உறவு இருக்கிறது: டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான வடிவத்துக்கு மாற்றும் நொதி. மனித நொதிக்குரிய மரபணுவை டெட்2 செடிக்குள் வைத்தபோது, அந்தச் செடி குட்டைத்தன்மை நீங்கி வளர்ந்தது.

ஸ்டீராய்டு ஹார்மோன் செல்லுக்குள் நுழைந்து உட்கருவில் உள்ள ஏற்பியோடு சேர்ந்து மரபணுவை இயக்குகிறது என்று படித்திருக்கிறோம். செடியிலும் அப்படித்தானா?

இல்லை. அந்தப் பாடம் விலங்குகளுக்கு உரியது. விலங்குகளில் ஸ்டீராய்டு செல் சவ்வைக் கடந்து உள்ளே போய், ஏற்பிப் புரதத்தோடு சேர்கிறது. அந்த ஏற்பியே உட்கருவில் டி.என்.ஏ.வைப் பற்றி மரபணுவை இயக்குகிறது. செடிகளில் அந்த வகை ஏற்பிக் குடும்பமே கிடையாது. பிரை1 செல் சவ்வில் பதிந்திருக்கிறது. அதன் ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, மறுபகுதி செல்லுக்குள் இருக்கிறது. வெளிப்பகுதி முறுக்கிய சுருள் வடிவம் கொண்டது என்பதும், அந்தச் சுருளின் உட்பக்கத்தில் ஏறத்தாழ 70 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு தனித்திட்டு இருக்கிறது என்பதும், ஸ்டீராய்டு வந்து அமர்வது அங்கேதான் என்பதும் 2011இல் வெளியான படிக அமைப்புகளில் தெளிவாகத் தெரிந்தன.

ஆக, செடியின் ஸ்டீராய்டு மரபணுவை நேரடியாகத் தொடுவதே இல்லை. செல்லுக்கு உள்ளே தயாராகும் இந்த ஹார்மோன், வெளியே வந்த பிறகுதான் ஏற்பியைச் சந்திக்கிறது. அதை வெளியேற்றும் சவ்வுப் புரதங்களில் ஒன்றின் வேலை 2024இல் விரிவாக விளக்கப்பட்டது.

அப்படியானால் செல்லின் வெளியே கிடைத்த சேதி உட்கருவுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

இதுதான் இந்தப் பொருளின் மையம், எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஹார்மோன் இல்லாத நிலையிலிருந்து தொடங்குவோம். மரபணுக்களை இயக்கவேண்டிய பி.இசட்.ஆர்.1, பெஸ்1 என்ற இரட்டைப் புரதங்கள் செல்லுக்குள் ஏற்கெனவே உருவாகிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் பின்2 என்ற நொதி அவற்றின் மேல் பல இடங்களில் பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. பாஸ்பேட் ஒட்டிய பி.இசட்.ஆர்.1 டி.என்.ஏ.வைப் பற்ற முடியாது. வேறொரு புரதம் அதைப் பிடித்து உட்கருவுக்கு வெளியே வைத்துக்கொள்கிறது. பிறகு அது சிதைக்கப்படுகிறது. ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தும் மதகு மூடியிருப்பதால் வயலுக்குப் பாயாதது போன்ற நிலை இது. பின்2தான் அந்த மதகு.

ஹார்மோன் பிரை1 ஏற்பியில் அமர்ந்ததும், பாக்1 என்ற துணை ஏற்பி அருகே வந்து சேர்ந்துகொள்கிறது. ஸ்டீராய்டு மூலக்கூறே இரண்டுக்கும் இடைப்பட்ட இணைப்பின் ஒரு பகுதியாகிறது. சவ்வின் உட்பக்கத்தில் இரண்டின் கைனேஸ் பகுதிகளும் (பாஸ்பேட் ஏற்றும் நொதிப் பகுதிகள்) ஒன்றின் மேல் ஒன்று பாஸ்பேட் ஏற்றிக்கொண்டு முழுவீச்சில் இயங்கத் தொடங்குகின்றன. அதுவரை பிரை1ஐ அடக்கி வைத்திருந்த ஒரு தடுப்புப் புரதமும் விலகுகிறது. அங்கிருந்து சில இடைநிலைக் கைனேஸ்கள் வழியாகச் சேதி போய், பி.எஸ்.யூ.1 என்ற நொதி பின்2இலிருந்து ஒரு பாஸ்பேட்டை நீக்குகிறது. அந்த ஒரு பாஸ்பேட் போனதும் பின்2 செயலிழக்கிறது. இன்னொரு நொதி பி.இசட்.ஆர்.1இன் மேல் இருந்த பாஸ்பேட்டுகளை அகற்றுகிறது, விடுபட்ட பி.இசட்.ஆர்.1 உட்கருவில் குவிகிறது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தப் பாதையில் ஹார்மோன் புதிதாக எதையும் தள்ளிவிடவில்லை. தடுத்துக்கொண்டிருந்த ஒன்றைத் தடுக்கிறது. பின்2இல் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறி, அதை நிறுத்தவே முடியாமல் போன செடிகளில் ஹார்மோனும் இருக்கும், ஏற்பியும் சரியாக இருக்கும். ஆனாலும் செடி குட்டையாகவே நிற்கும். தேர்வுக்குப் படிப்பவர்கள் எத்தனை புரதங்களின் பெயர்களை மறந்தாலும் பரவாயில்லை, இந்த இரட்டைத் தடுப்பை மட்டும் மறக்கக் கூடாது என்பது என் கருத்து.

உட்கருவுக்குள் போன பி.இசட்.ஆர்.1 என்ன செய்கிறது?

மரபணுக்களின் முன்பகுதியில் உள்ள குறிப்பிட்ட எழுத்து வரிசைகளைத் தேடிப் பற்றுகிறது. சி-ஜி-டி-ஜி என்ற வரிசையைக் கொண்ட ஒரு குறி அதற்கு மிகவும் உகந்தது. சில மரபணுக்களை அது தூண்டுகிறது, சிலவற்றை அடக்குகிறது. எதைத் தூண்டுவது, எதை அடக்குவது என்பது குறியையும் கூடவே சேரும் புரதங்களையும் பொறுத்தது. அடக்கும்போது டாப்லெஸ் என்ற துணைப் புரதத்தை அழைத்துக்கொண்டு, அந்த இடத்து டி.என்.ஏ.வை இறுக்கமாகச் சுருட்ட வைக்கிறது. அராபிடாப்சிஸின் மரபணுத் தொகுதி முழுவதிலும் இது பற்றும் இடங்களை 2010இல் வரைபடமாக்கியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் அதில் அடங்கின.

தூண்டப்படுபவற்றில் வளர்ச்சிக்கு நேராக உதவுபவை செல் சுவர் சார்ந்த மரபணுக்கள். செடியின் செல் உறுதியான சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. உள்ளே நீரின் அழுத்தம் எப்போதும் இருக்கிறது, சுவர் இளகினால்தான் செல் நீளும். சுவரின் இழைகளுக்கு இடையிலான பிடிப்பைத் தளர்த்தும் எக்ஸ்பான்சின்கள், சுவர்ப் பொருள்களை வெட்டி ஒட்டும் நொதிகள், புதிய செல்லுலோஸ் நெய்யும் நொதிகள் ஆகியவற்றின் மரபணுக்கள் எல்லாம் இந்தப் பாதையின் கட்டுப்பாட்டில் உள்ளன. இதற்கிடையில், மரபணு இயங்கும் முன்பே, புரோட்டான்களைச் செல்லுக்கு வெளியே தள்ளும், சவ்வில் உள்ள புரோட்டான் பம்பு முடுக்கப்பட்டுச் சுவர் அமிலமாகிறது; எக்ஸ்பான்சினுக்கு அந்த அமிலத்தன்மை தேவை. நீட்சியைத் தவிர, நீர் கடத்தும் குழாய்கள் உருவாவதிலும், இலைத்துளைகள் அமைவதிலும், மகரந்தம் முதிர்வதிலும் இந்த ஹார்மோனுக்குப் பங்கு உண்டு.

நம் பக்கத்துப் பயிர் ஒன்றைக் காட்டி விளக்க முடியுமா?

பருத்தியைச் சொல்வேன். கொங்கணாபுரம் ஏலத்துக்கு வரும் மூட்டை ஒன்றிலிருந்து ஒரு கொத்தைப் பிரித்து, ஒரே ஓர் இழையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்த இழை முழுவதும் ஒரே செல். விதையின் மேல்தோலில் உள்ள ஒரு செல், பூ மலர்ந்த நாளையொட்டிப் புடைத்து எழுந்து, மூன்று வாரங்கள் போல நீண்டு, சுமார் 3 சென்டிமீட்டரை எட்டுகிறது. அகலமோ ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். காய் வெடித்து, இழை காய்ந்த பிறகு எஞ்சும் செல்லுலோஸ் சுவரைத்தான் வியாபாரி விரலால் இழுத்துப் பார்த்துத் தரம் சொல்கிறார்.

பருத்திச் சூல்களைத் தனியே எடுத்து ஊட்டக் கரைசலில் வளர்த்த ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. கரைசலில் பிராசினோலைடு சேர்த்தபோது இழைகள் கூடுதலாக நீண்டன. பிராசினோலைடு தயாரிப்பைத் தடுக்கும் பிராசினசோல் சேர்த்தபோது இழை வளர்ச்சி தடைபட்டது. செல் நீட்சி என்று பாடத்தில் படிப்பதைக் கையில் எடுத்துப் பார்க்க இதைவிட நல்ல பொருள் சேலம் மாவட்டத்தில் இல்லை.

ஹார்மோன் அதிகமாகிப் போனால் செடி தொடர்ந்து நீண்டுகொண்டே போகுமா?

போகாது. பி.இசட்.ஆர்.1 அடக்கும் மரபணுக்களில் ஸ்டீராய்டைத் தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்களும் அடக்கம். ஹார்மோன் கூடினால் தயாரிப்பு குறையும், குறைந்தால் கூடும். உபரியை வேதிமாற்றம் செய்து செயலிழக்க வைக்கும் நொதிகளும் இருக்கின்றன. வேர் இந்த ஹார்மோனுக்குத் தண்டைவிடக் கூர்மையாக எதிர்வினை காட்டும். மிகக் குறைந்த அளவில் நீளும், சற்றுக் கூடினாலே வளர்ச்சி தடைபடும்.

இலையில் உருவாகும் ஹார்மோன் வேருக்குப் போகுமா?

நீண்ட தூரம் போவதில்லை. பட்டாணிச் செடிகளை ஒட்டுப்போட்டுச் செய்த சோதனைகள் இதைக் காட்டின. ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோனைப் போலச் செடி முழுதும் பயணிக்கும் ஹார்மோன் அல்ல இது. உருவான இடத்திலும் அதன் அண்டையிலும் வேலை செய்கிறது.

ஏற்காட்டில் நிழலில் வைத்த நாற்றுகள் நெட்டையாகிச் சாய்கின்றன. இதற்கும் அந்த ஹார்மோனுக்கும் தொடர்பு உண்டா?

அடர்ந்த நிழலில் நாற்று நெட்டையாவது, வெளிச்சத்தை எட்டிப் பிடிக்கச் செடி செய்யும் முயற்சி. அந்த முயற்சியில் பல சமிக்ஞைகள் ஒன்றாகச் சேர்கின்றன. வெளிச்சமும் வெப்பமும் பிஃப்4 என்ற புரதத்தின் வழியாக உணர்த்தப்படுகின்றன, பிஃப்4உம் பி.இசட்.ஆர்.1உம் ஒன்றோடொன்று கைகோத்து ஒரே மரபணுக்களின் மேல் அமர்கின்றன என்பது 2012இல் அராபிடாப்சிஸில் காட்டப்பட்டது. ஜிப்ரலின் என்ற இன்னொரு வளர்ச்சி ஹார்மோன் குறைவாக இருந்தால் டெல்லா என்ற புரதங்கள் இந்த இரண்டையும் பிடித்து முடக்குகின்றன. ஆக்ஸினும் இந்த வட்டத்தில் சேர்கிறது. ஆகவே நிழல், சூடு, ஜிப்ரலின், ஸ்டீராய்டு என்று தனித்தனியாகப் படிப்பவை எல்லாம் செடிக்குள் ஒரே இடத்தில் கணக்குப் பார்க்கப்படுகின்றன.

நாற்றுப்பண்ணைக்காரர்களுக்கு நான் சொல்வது எளிது. சில்வர் ஓக் நிழலில் பழகும் காபி நாற்றானாலும், நிழலை ஒரேயடியாக அடர்த்தியாக வைக்காமல், நாற்று வளர வளரப் பந்தலைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். நெட்டையான நாற்றுக்கு மருந்து தேடுவதைவிட வெளிச்சத்தைச் சரி செய்வது மேல்.

குட்டை நெல் ரகங்கள் இந்த ஹார்மோன் குறைந்ததால் வந்தவையா?

பலரும் இப்படி நினைக்கிறார்கள். 1966இல் வெளியான ஐ.ஆர்.8 போன்ற ரகங்களின் குட்டைத்தன்மைக்குக் காரணம் ஜிப்ரலின் தயாரிப்பில் உள்ள குறை. ஆனால் ஜப்பான், கொரியா பகுதிகளில் பயிரிடப்பட்ட ஊசு என்னும் குட்டை பார்லி, பிரை1 ஏற்பியில் ஓர் அமினோ அமிலம் மாறியதால் வந்தது. நெல்லில் பிராசினோஸ்டீராய்டு சற்றுக் குறைந்தால் இலைகள் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கின்றன. வெளிச்சம் அடிவரை இறங்குவதால் நெருக்கமாக நட முடிகிறது. அப்படிப்பட்ட ஒரு நெல் வகை, நெருக்கி நட்டபோது கூடுதல் உரம் இல்லாமலே அதிக விளைச்சல் தந்ததை 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஹார்மோன் கூடினால்தான் விளைச்சல் கூடும் என்ற எண்ணத்தை இது மாற்ற வேண்டும்.

உரக்கடையில் ஹோமோபிராசினோலைடு என்று விற்கிறார்களே, குச்சிக்கிழங்குக்கு அடிக்கலாமா?

இந்தியாவில், பிராசினோலைடை ஒத்த ஹோமோபிராசினோலைடு 0.04 சதவீதக் கரைசலாகப் பயிர் வளர்ச்சி ஊக்கி என்ற பெயரில் விற்கப்படுகிறது. அதன் ஏற்பியும் பாதையும் மேலே சொன்னவையே. எனவே மூன்றைச் சொல்வேன். முதலாவது, இது உரம் அல்ல. மண்ணில் சாம்பல் சத்தோ நுண்ணூட்டமோ குறைந்திருந்தால் அதை ஈடுகட்டாது. இரண்டாவது, சீட்டில் எந்தப் பயிர், எந்தப் பருவம், என்ன அளவு என்று அச்சிடப்பட்டிருக்கிறதோ அதைத் தாண்டக் கூடாது. இரட்டிப்பாக ஊற்றினால் இரட்டிப்பாக வளராது, தடுப்பை விலக்கிய பிறகு விலக்குவதற்கு வேறொன்றும் இல்லை. மூன்றாவது, குச்சிக்கிழங்கில் நமக்கு வேண்டியது சேகோ ஆலைக்குப் போகும் மாவுச்சத்து. செடி ஓங்கி வளர்வதும் கிழங்கு திரள்வதும் ஒன்றல்ல. தெளிக்கும் முன் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு, ஒரு வரிசையில் மட்டும் தெளித்து, பக்கத்து வரிசையைத் தெளிக்காமல் விட்டு, அறுவடையில் இரண்டையும் எடை போட்டுப் பாருங்கள்.

ஸ்டீராய்டு தெளித்த காயைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாதா?

பிராசினோஸ்டீராய்டுகள் நாம் தினமும் உண்ணும் கீரையிலும் காயிலும் தானியத்திலும் இயற்கையாகவே மிகச் சிறிதளவில் இருப்பவை. உடற்பயிற்சிக் கூடங்களில் தவறாகப் பயன்படுத்தப்படும் ஸ்டீராய்டுகள் வேறு, இவை வேறு. பிரை1 போன்ற ஏற்பி மனித உடலில் இல்லை. அதே சமயம், இது விலங்குகளில் எந்த விளைவையும் ஏற்படுத்தாது என்று சொல்வதும் சரியல்ல: எலிகளுக்கு ஹோமோபிராசினோலைடை உடல் எடையில் ஒரு கிலோவுக்குப் பல பத்து மில்லிகிராம் என்ற கணக்கில் தினமும் கொடுத்தபோது தசை எடை கூடியதாக 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. வயலில் தெளிப்பது அதோடு ஒப்பிடவே முடியாத சிறிய அளவு. தெளிப்பவர் கையுறை அணிவதும், சீட்டில் உள்ள இடைவெளியை விட்டு அறுவடை செய்வதும் போதுமான கவனம்.

பள்ளியில் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஏதாவது உண்டா?

உண்டு, செலவே இல்லாதது. இரண்டு டம்ளர்களில் ஈரத் துணி போட்டு, ஊறிய பச்சைப்பயறு பத்துப் பத்து வையுங்கள். ஒன்றைச் சன்னலோரம் வையுங்கள், மற்றொன்றை வெளிச்சம் புகாத அட்டைப்பெட்டியில் மூடி வையுங்கள். தண்ணீர் தெளிப்பதும் இரவில், விளக்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். ஐந்தாம் நாள் வித்திலைக்குக் கீழுள்ள தண்டை அளவுகோலால் அளந்து, இரண்டு டம்ளர்களுக்கும் சராசரி எடுங்கள். இருட்டில் முளைத்தவை வெளுத்து, தலை கொக்கி போல வளைந்து, மிக நீளமாக இருக்கும். டெட்2 செடி இழந்திருந்தது இந்த நீட்சியைத்தான். கல்லூரி ஆய்வுக்கூட வசதி உள்ளவர்கள் மூன்றாவதாக ஒரு தொகுதியைப் பிராசினசோல் கலந்த நீரில், அதே இருட்டில் முளைக்க வையுங்கள். அது குட்டையாக நின்றால், அடுத்து அதில் பிராசினோலைடு சேர்த்து, மீண்டும் நீள்கிறதா என்று அளந்து பாருங்கள். நீண்டால் குறை தயாரிப்பில் இருந்தது, நீளாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும்.